அமைச்சர் பங்களாவின் கரண்ட் பில்லை யார் கட்டுகிறார்கள்?

அடுத்த கேள்விக்கு வருவோம். ராஜா அண்ணாமலைபுரத்தில் வீட்டு வேலை செய்யும் ஒரு அக்கா வாய்ஸ் மெசேஜில் கேட்டது. தினமும் கிரீன்வேஸ் ரோடு பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி, அமைச்சர் பங்களாக்களைத் தாண்டித்தான் வேலைக்கு நடந்து போகிறாராம். "தம்பி, அந்த வீட்டுக்கெல்லாம் வாடகை உண்டா? கரண்ட் பில், தோட்டக்காரர் சம்பளம், பெயின்ட் அடிக்கிற காசு, இதெல்லாம் யார் குடுக்கிறாங்க? நான் இன்கம் டாக்ஸ் கட்டுறவ இல்ல. இதை நான் கேக்கலாமா?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாளாக அது மனசை விட்டுப் போகவில்லை. அக்கா, நீங்கள் வரி கட்டுகிறவர்தான். உங்கள் போனுக்கு 299 ரூபாய் ரீசார்ஜ் போடுகிறீர்கள் என்று வையுங்கள். அதில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. அடங்கியிருக்கிறது, அதாவது 45 ரூபாய்க்கு மேல். அதில் சரிபாதி, கிட்டத்தட்ட 22 ரூபாய் 80 காசு, தமிழ்நாடு அரசுக்குப் போகிறது. சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் இதே கதைதான். நீங்கள் கடந்து போகும் அந்தச் சுவரின் பெயின்டில் உங்கள் காசும் இருக்கிறது. தாராளமாகக் கேட்கலாம்.

சரி, இப்போது வாடகை. அமைச்சர் வாடகை கொடுப்பதில்லை. அமைச்சர்களின் சம்பளம், படி, வீடு எல்லாவற்றையும் சட்டமன்றம் போடும் சட்டம்தான் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டில் அது 1951-ஆம் ஆண்டுச் சட்டம், அதன் பிறகு பலமுறை திருத்தியிருக்கிறார்கள். மத்திய அமைச்சர்களுக்கு 1952-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. அதில் 'பராமரிப்பு' என்ற சொல்லுக்கே விளக்கம் கொடுத்திருக்கிறார்கள்: வீட்டுக்கான உள்ளாட்சி வரி, மின்சாரம், தண்ணீர் எல்லாம் அதில் அடங்கும், இதற்காக அமைச்சரின் தலையில் எந்தச் செலவும் விழக்கூடாது. அதுபோலவே நம் ஊர் பங்களாக்களுக்கும் செலவு செய்வது அரசுதான்.

அரசு என்றால் எந்தப் பெட்டியிலிருந்து? மாநிலத்தின் வரி வருமானம் எல்லாம் தொகுப்பு நிதி என்ற ஒரே கணக்கில் சேர்கிறது. சட்டமன்றம் சம்மதிக்காமல் அதிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. பட்ஜெட் முடிந்ததும் துறைவாரியாக மானியக் கோரிக்கை வருகிறது, அதாவது 'எங்கள் துறைக்கு இவ்வளவு பணம் வேண்டும்' என்று சட்டமன்றத்திடம் கேட்பது, டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அமைச்சரவைக்கான செலவு ஒரு கோரிக்கையில் வரும். அரசுக் கட்டடங்களுக்கான செலவு பொதுப்பணித்துறையின் கோரிக்கையில் வரும். பிடிக்கவில்லை என்றால் அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லி உறுப்பினர்கள் வெட்டுத் தீர்மானம் கொண்டுவரலாம். கிரீன்வேஸ் ரோடு வீட்டில் ஒரு குழாய் மாற்றினால் அந்தச் செலவு இப்படித்தான் எங்கோ ஒரு தலைப்பின் கீழ் போய் உட்காருகிறது. அமைச்சர் கையில் யாரும் பணம் கொடுப்பதில்லை.

வேலை எப்படி நடக்கும் என்று எனக்கு வீட்டிலிருந்தே தெரியும். என் அப்பா பொதுப்பணித்துறையில் ஒர்க் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கூரை ஒழுகுகிறது என்று தகவல் வந்தால் முதலில் உதவிப் பொறியாளர் போய்ப் பார்த்து எஸ்டிமேட் போடுவார். தொகையைப் பொறுத்து செயற்பொறியாளரோ அவருக்கு மேலே உள்ளவரோ ஒப்புதல் தருவார். அப்புறம் டெண்டர். வேலை முடிந்ததும் டேப் பிடித்து அளந்து எம்-புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில், எழுத வேண்டும். எத்தனை சதுர மீட்டர் பூச்சு, எத்தனை மீட்டர் பைப் என்று எல்லாம் அதில் ஏறும். எம்-புக்கில் ஏறாத வேலைக்குப் பில் கிடையாது. அதில் அடித்துத் திருத்தினால் பக்கத்திலேயே கையெழுத்தும் போட வேண்டும். அப்பா அந்தப் புத்தகத்தைச் சாமி படத்துக்குக் கொடுக்கும் மரியாதையோடு வைத்திருப்பார். எங்களைத் தொட விடமாட்டார்.

சோபா, கட்டில் எல்லாம் யாருடையது என்றும் பலர் கேட்கிறார்கள். அதுவும் அரசு சொத்துதான், அமைச்சர் காலி செய்யும்போது விட்டுவிட்டுப் போக வேண்டும். அதற்கு இருப்புப் பதிவேடு இருக்கிறது. ஆட்சி மாறிய சமயத்தில் அப்பா ஒரு பங்களாவில் நாள் முழுக்க நின்று நாற்காலி எண்ணியதைச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தேக்கு நாற்காலியையும் கவிழ்த்து, அடியில் வெள்ளை பெயின்டில் எழுதியிருக்கும் எண்ணை ஒருவர் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் பதிவேட்டில் டிக் அடிப்பாராம். ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆன பிறகும் எந்த அரசு அலுவலகத்துக்குப் போனாலும் உட்காரும் முன் நாற்காலியின் அடியில் ஒரு பார்வை பார்ப்பார். அது மக்கள் சாமான் என்ற நினைப்பு அவர் உடம்பில் ஊறியிருக்கிறது. எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான்.

ஆளுநர் மாளிகைக் கணக்கு மட்டும் வேறு. வாடகையில்லாத வீட்டை அரசியலமைப்பின் 158-ஆம் பிரிவே அவருக்குத் தருகிறது. கிண்டியிலும் ஊட்டியிலும் மாளிகை இருக்கிறது. அவருடைய சம்பளமும் பதவி சார்ந்த செலவும் சட்டமன்ற ஓட்டெடுப்புக்கு வராது, நேராகத் தொகுப்பு நிதியின் பொறுப்பில் சேர்ந்துவிடும். ஆனால் விவாதிக்கத் தடை இல்லை, 203-ஆம் பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. 'ஆளுநர் செலவைப் பற்றிப் பேசவே முடியாது' என்று பரவும் தகவல் தவறு.

முதல்வர் விஷயத்தில்தான் நம் சென்னை கொஞ்சம் வித்தியாசமான ஊர். டெல்லியில் பிரதமருக்கு லோக் கல்யாண் மார்க் 7-ஆம் எண் வீடு இருப்பதுபோல, இங்கே முதல்வருக்கென்று குறிப்பிட்ட வீடு கிடையாது. காமராஜர் திருமலைப்பிள்ளை சாலையில் வாடகை வீட்டில் இருந்தார். எம்.ஜி.ஆர். ராமாவரம் தோட்டம், கருணாநிதி கோபாலபுரம், ஜெயலலிதா போயஸ் தோட்டம். 2021-இல் முதல்வரான மு.க. ஸ்டாலினும் சித்தரஞ்சன் சாலையில் உள்ள தன் வீட்டிலேயே இருந்தார். எடப்பாடி பழனிசாமி முதல்வராக இருந்தபோது கிரீன்வேஸ் ரோட்டில் 'செவ்வந்தி' என்ற அரசு வீட்டில் இருந்தார்.

சொந்த வீட்டில் இருந்தால் அரசுக்குச் செலவே இல்லை என்று நினைக்கிறோம். அது பாதி உண்மைதான். வாசலில் போலீஸ் நிற்க வேண்டும், தடுப்பு வைக்க வேண்டும், முகாம் அலுவலகத்துக்கு ஆளும் போனும் வேண்டும். அந்தச் செலவு வீட்டுக் கணக்கில் வராமல், காவல் துறை உட்படப் பல துறைகளின் கணக்கில் சிதறிவிடும். யார் ஆட்சியில் இருந்தாலும் இந்தத் தொகையைக் கூட்டி ஒரு பக்கத்தில் வெளியிட வேண்டும் என்பது என் கருத்து. ஒதுக்கிய தொகை, செலவான தொகை, இரண்டும் வீடு வாரியாகத் தெரியட்டும்.

அப்படிப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லி முதல்வர் இல்லம் ஓர் உதாரணம். 7.91 கோடி ரூபாய் என்று முதலில் மதிப்பிட்ட புதுப்பிப்பு வேலை 33.66 கோடியில் முடிந்ததாகத் தணிக்கை அறிக்கை சொன்னது. 

பதவி போன பிறகும் வீட்டை வைத்துக்கொள்ள முடியுமா? முன்னாள் முதல்வர்களுக்கு ஆயுள் முழுக்க பங்களா தர உத்தரப் பிரதேசம் செய்த சட்டத் திருத்தத்தை 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. பதவி போனால் அவரும் எல்லோரையும் போல ஒரு குடிமகன்தான் என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை.

அக்கா, நீங்கள் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினால் வழி இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளில் 'பொதுத் தகவல் அலுவலர், பொதுப்பணித்துறை' என்று விலாசம் போட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் கேட்கிறேன் என்று தமிழிலேயே எழுதுங்கள். அந்த பங்களாக்களுக்கு தென்பெண்ணை, குறிஞ்சி என்று ஆற்றின் பெயர், பூவின் பெயர் எல்லாம் வைத்திருக்கிறார்கள், அதைக் குறிப்பிடுங்கள். 'இந்த வீட்டுக்கு, இந்த நிதியாண்டில், பராமரிப்புக்கும் மின்சாரத்துக்கும் எவ்வளவு செலவு?' என்று ஒரே வரியில் கேளுங்கள். 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் பயம் வேண்டாம், 5 நாளுக்குள் சரியான இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். அவர்கள் கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளில் பதில் வர வேண்டும். ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். எழுதுவதற்கு உதவி வேண்டுமென்றால் எனக்கு மறுபடி ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.