ஊருக்கு ஒரு மீட்புக் குழு, பிள்ளைக்கு ஒரு நீச்சல்

(செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்களிலிருந்து வந்து சென்னையில் குடியேறியவர்களின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் ஐயா அவர்களே, தீயணைப்புத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் கூப்பிட்ட ஊருக்கெல்லாம் போய் இளைஞர்களுக்குக் கயிறு முடிச்சுப் போடக் கற்றுத்தருகிற ஐயா அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் தந்த அம்மா அவர்களே, காலை முதல் பஸ் பிடித்து வந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசைப் பிள்ளைகளே, எல்லோருக்கும் என் வணக்கம். எனக்கு முன் பேசிய மருத்துவர் அம்மா முதலுதவி பற்றி அவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

தன்னார்வ மீட்புக் குழுக்களின் வரலாறு, அதற்கான சட்டம், அதற்குப் பணம் வரும் வழி ஆகிய மூன்றையும் பேசச் சொன்னார்கள். வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் ரோனோக் என்று ஒரு ரயில்வே ஊர். 1909-இல் அங்கே ஆற்றில் ஒரு சிறு படகு கவிழ்ந்து இரண்டு பேர் மூழ்கிப் போனார்கள். கரையில் ஆள் இருந்தது. என்ன செய்வதென்று தெரிந்த ஆள்தான் இல்லை. அதைப் பார்த்தவர்களில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன், பெயர் ஜூலியன் ஸ்டான்லி வைஸ். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று நம் ஊரில் சொல்வார்களே, அதை அந்த வயதில் கண்ணால் கண்டுவிட்டான். வளர்ந்து ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்ததும் மறக்கவில்லை. 1928-இல் கூட வேலை பார்த்தவர்களைச் சேர்த்து ஒரு மீட்புக் குழு தொடங்கினார். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. முழுக்கத் தன்னார்வலர்களே நடத்திய மீட்புக் குழு அந்த நாட்டில் அதுதான் முதல் என்கிறார்கள்.

அங்கிருந்து சிற்றூர்களுக்குப் பரவியது. ஏன் பரவியது தெரியுமா? ஆஸ்பத்திரி தூரம். 1960-கள் வரைகூட அங்கே பல ஊர்களில் அடிபட்டவரை ஏற்றிப்போக வந்தது சவ அடக்கம் செய்யும் கடைக்காரரின் வண்டி. படுக்க வைத்துக் கொண்டுபோகிற அளவுக்கு நீளமான வண்டி அவரிடம்தான் இருந்தது! அப்படிப்பட்ட ஊர்களில் பண்ணைக்காரரும் கடைக்காரரும் முறை வைத்துக் கண்விழித்து, வசூல் செய்து வண்டி வாங்கி, பக்கத்து வீட்டுக்காரரைத் தாங்களே காப்பாற்றினார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

இது வெள்ளைக்காரர் கற்றுத்தந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். நாம் உட்கார்ந்திருக்கிற இந்தச் சென்னையில், துறைமுகம் கட்டுவதற்கு முன்பு, கப்பல் கரையிலிருந்து தள்ளிக் கடலில் நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகில்தான் ஆட்களைக் கரைக்குக் கொண்டுவருவார்கள். அலை பொல்லாதது, படகு கவிழும். அதனால் கூடவே கட்டுமரக்காரர்கள் வருவார்கள், தண்ணீரில் விழுந்தவரைத் தூக்கிக் காப்பாற்ற. உயிர் காத்தவர்களுக்கு அந்தக் காலத்து அரசாங்கம் பதக்கம் கொடுத்திருக்கிறது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளை நான் 2015-இல் பார்த்தேன்.

அந்த டிசம்பரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாற்றில் வெள்ளம். முடிச்சூரில் என் சித்தி வீட்டு மாடியில் மாட்டிக்கொண்டோம். கரண்டு இல்லை, போன் இல்லை. மறுநாள் தெருவுக்குள் ஒரு பைபர் படகு வருகிறது! கடற்கரைக் குப்பத்துப் பையன்கள். யாரும் அனுப்பவில்லை, யாரும் கூலி பேசவில்லை. படகை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு தாங்களே கிளம்பி வந்திருக்கிறார்கள்.

எதிர் வீட்டில் ஒரு பாட்டி. படகு வாசலுக்கே வந்துவிட்டது, பாட்டி ஏற மாட்டேன் என்கிறார். ஏன்? பின்கட்டில் எருமை நிற்கிறது. "என் எருமைய வுட்டுட்டு நான் வரமாட்டேன், நீங்க போங்கடா கண்ணுங்களா." மகன் கெஞ்சுகிறார், மருமகள் அழுகிறார், நாங்கள் மாடியிலிருந்து கத்துகிறோம். பாட்டி அசையவில்லை. தண்ணீர் திண்ணையைத் தாண்டி ஏறிக்கொண்டிருக்கிறது. அப்போது படகிலிருந்த பையன், இருபது வயதுகூட இருக்காது, இறங்கிப் போய் எருமையின் கயிற்றை அவிழ்த்துவிட்டான். அது மூக்கைத் தூக்கிக்கொண்டு நிம்மதியாக நீந்தித் தெருமுனை மேட்டில் ஏறி நின்றுகொண்டது. பையன் திரும்பி வந்து சொன்னான்: "ஆயா, எருமைக்கு நீச்சல் தெரியும். உனக்குத் தெரியுமா?" பாட்டி ஒரு வார்த்தை பேசாமல் படகில் ஏறிவிட்டார்.

சிரிக்கிறீர்கள், நல்லது. ஆனால் அவன் கேட்ட கேள்வியை இந்த மண்டபத்தில் நான் கேட்கிறேன். இங்கே இருக்கிற பெண் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? கையைத் தூக்குங்கள். பாருங்கள் ஐயா, எத்தனை குறைவான கைகள்! நம் அப்பாக்கள் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் இறங்கிக் கற்றார்கள். அக்கா தங்கைகளைக் கரையில் நிறுத்திவிட்டார்கள். இன்றோ கிணறும் தூர்ந்துபோய், ஆண் பிள்ளைக்கும் தெரியவில்லை. லீவுக்கு ஊருக்குப் போகிற நம் பட்டணத்துப் பிள்ளைகள் கல்குவாரிக் குட்டையில் இறங்குகிறார்கள், மணல் அள்ளிய பள்ளம் இருப்பது தெரியாமல் ஆற்றில் இறங்குகிறார்கள். ஒரு பிள்ளை மூழ்க, காப்பாற்றப் போன அக்கா மூழ்க, அவளைப் பிடிக்கப் போன அத்தையும் மூழ்க, ஒரே வீட்டில் மூன்று பேர் போன செய்தியைப் படிக்காத கோடை உண்டா? தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன!

தயவுசெய்து இதை வீட்டில் சொல்லுங்கள். பயிற்சி இல்லாதவர் தண்ணீரில் குதிக்கக் கூடாது. புடவையை வீசுங்கள், கயிற்றை வீசுங்கள், மூடிய காலித் தண்ணீர் கேனை எறியுங்கள். மூழ்குகிறவர் அதைப் பிடித்துக்கொண்டு மிதப்பார். தண்ணீரிலிருந்து மீட்கப்பட்டவரைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எல்லாம் வேண்டாம். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், நெஞ்சை அழுத்த வேண்டும். சில நிமிடம் போனாலே மூளை கெட்டுவிடும். 108 வந்து சேரும்வரை அந்த நிமிடங்கள் ஊர்க்காரர் கையில்தான்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சாலை விபத்தில் உதவப் போனால் போலீஸ், கோர்ட்டு என்று பயப்பட வேண்டாம். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், நல்ல மனதோடு உதவியவரைக் காப்பாற்றுகிறது. மற்றதைத் தலைவர் ஐயா விளக்குவார்கள். அப்புறம், பணம் பற்றிப் பேச நேரம் இல்லை.

நான் கேட்பது இதுதான். ஊராட்சி அலுவலகத்தில் ஒரு நீளக் கயிறு, ஒரு லாரி டியூப், ஒரு ஸ்ட்ரெச்சர். முறை வைத்து நிற்கப் பத்து இளைஞர், பத்துப் பெண்கள். கோடை விடுமுறையில் ஊர்க் குளத்தில் ஆண், பெண் எல்லாப் பிள்ளைகளுக்கும் நீச்சல் வகுப்பு. கற்றுத்தர நம் தீயணைப்பு ஐயா ஒப்புக்கொண்டுவிட்டார், ஊராட்சித் தலைவர் குளத்தைத் தூர் வாரித் தருகிறேன் என்று சற்று முன் என்னிடம் சொன்னார். வாசலில் நோட்டு வைத்திருக்கிறோம். சாப்பிடப் போவதற்கு முன் உங்கள் பிள்ளையின் பெயரை அதில் எழுதுங்கள், பெண் பிள்ளையின் பெயரை முதலில் எழுதுங்கள். நன்றி, வணக்கம்.