டிரெய்னிங்லதானே?

(குன்னூரில் ஒரு நினைவுக் கூட்டத்தில் பேசியது)

பெரியவர்களுக்கும், ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

என் தாத்தாவின் தம்பியைப் பற்றிப் பேசக் கூப்பிட்டீர்கள். சின்னத் தாத்தா என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. 1943-ல் அவர் போனபோது வயது 21. என் மகன் அவரைவிடப் பெரியவன்.

அவர் பேச்சை எடுத்தால், "எந்தச் சண்டையில?" என்று கேட்பார்கள். ஹைதராபாத் பேகம்பேட்டையில் விமானம் ஓட்டப் பழகும்போது விழுந்துவிட்டார் என்பேன். "ஓ, டிரெய்னிங்லதானே" என்பார்கள். அந்தத் 'தானே'வோடுதான் எனக்கு நெடுநாள் வழக்கு.

அவருடைய அப்பா அருவங்காடு கார்டைட் பேக்டரியில் வேலை பார்த்தவர். இரண்டாம் உலக யுத்த காலம்; ஆலை இரவும் பகலும் ஓடியது. அப்பன் பீரங்கிக்கு மருந்து செய்ய, பிள்ளை விமானப்படையில் சேர்ந்து, லாகூர் வால்டனில் வகுப்புப் பாடம் முடித்து, பேகம்பேட்டைக்கு வந்து டைகர் மாத் என்ற பயிற்சி விமானத்தில் ஏறினார். இரண்டு அடுக்கு இறக்கை, மேலே துணி போர்த்திய உடம்பு, கூரையில்லாத இரண்டு இருக்கை. வாத்தியார் முன்னால், மாணவன் பின்னால். எஞ்சின் இரைச்சலில் பேச ஒரு குழாய். அதன் வழியாகத்தான் பாடமும் வசவும் வரும். ஒருநாள் வாத்தியார் இறங்கிக்கொண்டு, "நீ மட்டும் போய் வா" என்பார். அப்புறம் முன் இருக்கை காலி, குழாயும் மௌனம்.

இறங்க வரும்போது கடைசித் திருப்பம்தான் எமன். வேகம் குறைந்திருக்கும், மூக்கைக் கொஞ்சம் அதிகமாகத் தூக்கினால் இறக்கை காற்றை விட்டுவிடும், விமானம் பம்பரமாகச் சுழலும். உயரத்தில் என்றால் மீட்டுவிடலாம். தரைக்குச் சில நூறு அடி மேலே என்றால் அதற்கு நேரமே இல்லை.

மேகம் இன்னொரு ஆபத்து. நம் ஊர்க்காரனுக்கு மேகம் என்ன புதிதா? கதவைத் திறந்தால் அடுப்படி வரை வந்துவிடும். ஆனால் மஞ்சு இறங்கினால் நாம் தேயிலை வரிசையைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேருவோம். ஆகாயத்தில் எந்த வரிசை இருக்கிறது? மேகத்துக்குள் காது பொய் சொல்லும். விமானம் சாய்ந்தபடி வட்டமடித்தாலும் நேராகப் போவதாகவே தோன்றும். அதற்காகவே பின் இருக்கையைத் துணிக் கூண்டால் மூடி, கருவிகளின் முள்ளை மட்டும் பார்த்து ஓட்டப் பழக்குவார்கள்.

சின்னத் தாத்தாவை இதில் எது கொண்டுபோனது? வந்த கடிதத்தில் 'விமான விபத்து' என்று இரண்டு சொல். அவ்வளவுதான்.

அவர் தனி ஆள் இல்லை. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் இறந்த 55,573 பேரில் 8,000-க்கும் மேற்பட்டவர்கள் எதிரியின் குண்டில் சாகவில்லை. பயிற்சியிலும் விபத்திலும் போனவர்கள். அமெரிக்கா தன் மண்ணிலேயே பயிற்சியில் பலிகொடுத்தது சுமார் 15,000 பேர். அவசர யுத்தம், பையன்களையும் அவசரமாகத்தான் பழக்கினார்கள். சிங்கப்பூர் கிராஞ்சியில், விமானத்தின் இறக்கை போலவே கூரை போட்ட நினைவிடத்தில், 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் வெட்டியிருக்கிறார்கள். நம் விமானப்படைப் பையன்களும் அங்கே உண்டு. பெயர் வெட்டியவர்கள் 'தானே' போடவில்லை.

மலை ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டி வந்தது. இரண்டு சட்டை, சவரக் கத்தி, பறந்த கணக்கு எழுதும் லாக் புக். அதை வைத்துக் காப்பாற்றியது அவருடைய தங்கை. அஞ்சாவது வரை படித்த அத்தைப்பாட்டி, வாத்தியாரோடு பறந்தது தனி, தனியே பறந்தது தனி என்று நிமிஷம் நிமிஷமாகக் கூட்டிப் பென்சிலில் எழுதுவாள். வருஷத்துக்கு ஒருமுறை அழித்துவிட்டு மறுபடி கூட்டுவாள். பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான் கெட்டி என்று என்னிடம் சரிபார்க்கத் தருவாள். 47 மணி 20 நிமிஷம். ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

"சரியாத்தான் இருக்கு பாட்டி, அப்புறம் ஏன் திரும்பத் திரும்பக் கூட்டுற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கடைசி அன்னைக்கு எவ்வளவு நேரம் பறந்தான்னு யாருமே எழுதலையேடா," என்றாள். "அதையும் சேக்கணும்ல?"