வராத போல்ட்டு

வணக்கம். கார் வேலைய வீட்டுலயே பாத்துக்கிறவங்களுக்காக ஏதாவது பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. ஆயில் மாத்துறது, ஏர் ஃபில்டர் தட்டுறது இதெல்லாம் யார் வேணா சொல்லிடுவாங்க, அதனால நான் ஒரே ஒரு சங்கதிய எடுத்துக்கிட்டேன், கழட்டினா வராத போல்ட்டு. வீட்டுல வண்டி வேலைக்கு உக்காந்தவன் பாதியில எந்திரிச்சு போறான்னா முக்கால்வாசி நேரம் வேலை தெரியாம இல்லீங்க, இந்த ஒத்த போல்ட்டாலதான்.

என் கதையவே சொல்றேன். சைலென்சர் பைப்பு சேர்ற இடத்துல ரெண்டு எம்8 போல்ட்டு, அதாவது எட்டு மில்லிமீட்டர் தடிமன் உள்ளது. ஒண்ணு சொன்ன பேச்சு கேட்டு வந்துடுச்சு. இன்னொண்ணு அசைவேனாங்குது. நானும் விடல, சாக்கெட் கைப்பிடியில ஒரு நீள இரும்பு பைப்ப சொருகி மூச்ச பிடிச்சு இழுத்தேன், மெதுவா சுத்த ஆரம்பிச்சுது, ஒரு சத்தமும் இல்ல, ரப்பர முறுக்கற மாதிரி மெத்துனு கால் சுத்து வந்துச்சு, ஆஹா மடங்கிட்டான்டான்னு எனக்கு ஒரே குஷி. அடுத்த நிமிஷம் கை வெறுமையாகி முழங்கை போய் தரையில மோதுச்சு. சாக்கெட்ட கவுத்தா உள்ளருந்து போல்ட்டோட தலை மட்டும் உருண்டு வருது, தொட்டா வெதுவெதுன்னு சூடு, முறிஞ்ச முகம் வெள்ளியாட்டம் மினுங்குது. மீதி ஒடம்பு உள்ளயே கெடக்கு.

துரு உடையும்போது டக்குனு ஒரு சத்தம் கேக்கும், கையில ஒரு வெட்டு வெட்டும், அதுக்கப்புறம்தான் சுத்தும். அந்த டக்கு இல்லாம மெத்துனு சுத்துனா மரை அசையல, போல்ட்டே முறுக்கிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், உடனே கைய எடுத்துடணும். இதுல ஒரு விதிவிலக்கு இருக்கு, ஷாக் அப்சார்பர் கீழ் போல்ட்டு. அது புஷ்ஷுக்குள்ள, அதாவது அதிர்வ வாங்கிக்கற ரப்பர் வளையத்துக்குள்ள, இருக்கற இரும்புக் குழாயோட துருப்பிடிச்சு ஒட்டிக்கும், நாம திருப்பினா கொஞ்சம் போகும், விட்டா திரும்பி வந்துடும், ஏன்னா சுத்தறது வெளிய இருக்கற ரப்பர். அது தெரியாம ஒரு மணி நேரம் முன்னயும் பின்னயும் ஆட்டிக்கிட்டு இருந்தவன் நான்.

சரி, ஏன் இப்படி ஒட்டுது? இரும்பு துருவாகும்போது பழைய இடத்துக்கு ரெண்டு மடங்குக்கு மேல இடம் கேக்கும். மரையோட இடுக்குல அவ்வளவு இடம் ஏது, அதனால ஆப்பு அடிச்ச மாதிரி இறுகிடும். அதுவும் இல்லாம ஒரு போல்ட்ட முடுக்கும்போதே நாம போடற பலத்துல பத்துல ஒம்பது பங்கு உராய்வுக்குத்தான் போகுது, பாதி தலைக்கு அடியில, மீதி மரையில. அதனால எண்ணெய மரைக்கு மட்டும் விட்டா போதாது, தலைக்கு அடியில இருக்கற விளிம்புக்கும் விடணும். இத நெறைய பேர் மறந்துடறாங்க.

எண்ணெய்னதும் எல்லாரும் டபிள்யூடி-40 டப்பாவ எடுப்பாங்க. அது 1953-ல ஈரத்த விரட்டறதுக்குன்னு செஞ்ச சரக்கு, நாப்பதாவது தடவை கலந்ததுதான் சரியா வந்துச்சாம், அதான் பேர்லயே நாப்பது. ஒண்ணுமில்லாததுக்கு தேவலாம், ஆனா பெனட்ரேட்டிங் ஆயில்னு தனியா விக்கறது இடுக்குல இன்னும் நல்லா இறங்கும். எதுவா இருந்தாலும் மொதல்ல கம்பி பிரஷ்ஷால வெளிய தெரியற மரைய தேச்சு சுத்தம் பண்ணிட்டு அப்புறம் அடிங்க, இல்லன்னா எண்ணெய் துருத்தூள் மேலயே உக்காந்துக்கும். அடிச்சுட்டு அஞ்சு நிமிஷத்துல ஸ்பானர தூக்காதீங்க. ராத்திரி ஊறட்டும், காலையில இன்னொரு தடவை அடிங்க, நாளைக்கு கழட்டப்போறோம்னு தெரிஞ்சா இன்னிக்கே ஆரம்பிங்க.

ஊறினப்புறம் சுத்தியல். தலை மேல நேரா நாலஞ்சு தட்டு, ஓங்கி இல்ல, கிண்ணுனு. அந்த அதிர்ச்சியில துரு விரிசல் விடும், எண்ணெய் அதுக்குள்ள இறங்கும். இம்பாக்ட் கன், அதான் தட்டித்தட்டி திருப்பற மிஷின், வச்சிருக்கறவங்களுக்கு போல்ட்டு சுலபமா வர்றதுக்கு அந்த டடடடன்னு தட்டற குணமும் ஒரு காரணம்.

அடுத்து சாக்கெட்டு. பன்னெண்டு மூலை சாக்கெட்ட தூக்கி ஓரம் வைங்க, ஆறு மூலை போடுங்க, முழுசா உள்ள போயிருக்கான்னு விரலால தடவி பாருங்க. ஓப்பன் ஸ்பானர் கிட்டவே போகாதீங்க, தலை மொட்டையாயிடுச்சுன்னா அப்புறம் எந்த பலமும் உதவாது. மொதல்ல இறுக்கற பக்கமா ஒரு மயிரிழை திருப்பி பாருங்க, பல தடவை அந்த டக்கு அங்கதான் கேக்கும். வர ஆரம்பிச்சதும் ஒரே மூச்சா உருவாதீங்க, அரை சுத்து வெளிய, கால் சுத்து உள்ள, நடுவுல ஒரு சொட்டு எண்ணெய், இல்லன்னா துருத்தூள் மரையில சேந்து மறுபடி கவ்விக்கும்.

நீள பைப்பு போடலாமான்னா, பெரிய போல்ட்டுக்கு போடலாம். எம்8-ஐ இறுக்கறதே 25 நியூட்டன் மீட்டர் வாக்குலதான், அது திருப்பற பலத்துக்கான அளவு, அரை மீட்டர் பைப்பு நுனியில 20 கிலோ தொங்கவிட்டா கிட்டத்தட்ட 100 ஆயிடுது, நான் அன்னிக்கு செஞ்சது அதான். இன்னொண்ணு, சொன்னா சிரிப்பீங்க, வண்டிக்கு அடியில மல்லாக்க படுத்தா எது கழட்டற பக்கம்னு மூளை கொழம்பிடும். போல்ட்டு தலைய நேருக்கு நேர் பாக்கறதா நெனச்சு எடப்பக்கமா சுத்தணும், நான் ஒரு தடவை பத்து நிமிஷம் இறுக்கிக்கிட்டே இருந்திருக்கேன்.

எதுக்கும் வரலன்னா சூடு. நட்டு இருந்தா நட்ட சூடாக்கணும், போல்ட்ட இல்ல, நட்டு விரிஞ்சாத்தானே பிடி விடும். அலுமினியத்துல மாட்டின இரும்பு போல்ட்டுன்னா இன்னும் நல்லது, அலுமினியம் இரும்ப விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும். ஆனா பெட்ரோல் குழாய், பிரேக் ஹோஸ், ரப்பர் புஷ் பக்கத்துல இருந்தா நெருப்ப நெனச்சுக்கூட பாக்காதீங்க. எண்ணெய் அடிச்ச இடத்துல நெருப்பு காட்டினா பத்திக்கும், தொடச்சுட்டுத்தான் காட்டணும். பிரேக் கிளீனர் அடிச்ச இடமா இருந்தா கண்டிப்பா வேணாம், சிலதுல குளோரின் கலந்திருக்கும், சூட்டுல பாஸ்ஜீன்னு விஷ வாயு வரும், அது ஆளையே சாய்ச்சுடும்.

வெறும் ஜாக்கிய நம்பி அடியில படுக்கறதும் அதே ரகம்தான். பலமா இழுக்கும்போது வண்டியே ஆடும், ஸ்டாண்டு போட்டு குலுக்கி பாத்துட்டுத்தான் உள்ள போகணும். வீல் நட்டுன்னா டயர் தரையில இருக்கும்போதே லூஸ் பண்ணிடணும்.

என் முறிஞ்ச போல்ட்டு என்னாச்சுன்னு கேப்பீங்க. எக்ஸ்ட்ராக்டர்னு, முறிஞ்ச போல்ட்ட கவ்வி எடுக்கற கருவி ஒண்ண வாங்கி துளை போட்டு சொருகி திருப்பினேன், அதுவும் உள்ள முறிஞ்சுது. அது போல்ட்ட விட கெட்டியான எஃகு, டிரில் பிட்டு அது மேல வழுக்கிக்கிட்டே போகுது. கடைசியில வெல்டிங் தெரிஞ்ச ஒருத்தர் வந்து முறிஞ்ச துண்டு மேல ஒரு நட்ட வச்சு பத்தவச்சாரு, சூடு ஆறறதுக்குள்ள ஸ்பானர போட்டு ரெண்டு திருப்பு, வந்துடுச்சு. என்னை ஒரு பார்வை பாத்தாரு பாருங்க.

இப்பவும் பின் சக்கரத்து பக்கம் ஒரு போல்ட்டு மூணு நாளா எண்ணெயில ஊறிக்கிட்டு கெடக்கு. நேத்து சாயங்காலம் நாலு தட்டு தட்டினேன், டக்கு கேக்கல. நாளைக்கு காலையில மறுபடி பாக்கணும். வணக்கம்.