சித்திரையில் ஊருக்குக் கிளம்பும் உள்ளான்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பறவை பார்க்கப் போவதென்றால் மார்கழி, தை மாதங்களில்தான் என்று நம் எல்லாருக்கும் மனதில் பதிந்திருக்கிறது. அதில் தவறில்லை. வடக்கே பனி கொட்டுகிற காலத்தில்தான் நம் ஏரிகளும் கடற்கரைகளும் பறவைகளால் நிறைந்திருக்கின்றன. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புகூட 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும்தான் நடக்கிறது. ஆனால் நான் இன்று உங்களிடம் கேட்டுக்கொள்ள வந்தது வேறு. பங்குனியிலும் சித்திரையிலும் வாருங்கள். கரையோரச் சேற்றில் இரைதேடுகிற உள்ளான் மாதிரிப் பறவைகள் வருவதைப் பார்த்தது போதும். கிளம்புவதைப் பாருங்கள்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் முப்பது ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தவன். மண்டபத்துக்குத் தெற்கே கடலுக்குள் வரிசையாகச் சின்னச் சின்னத் தீவுகள் இருக்கின்றன. சிங்கிலித் தீவு, குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலிப்புட்டி, மனோலி, முயல் தீவு. தூத்துக்குடி வரைக்கும் சேர்த்தால் மொத்தம் இருபத்தொன்று. 1986-இல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் யாரும் இறங்க முடியாது. கணக்கெடுப்புக்குத் துணையாகப் போகிறவர்களில் ஒருவனாகத்தான் நானும் போனேன்.

இந்தத் தீவுகளைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் கரையில் இருப்பதுபோல வெறும் மணல் அல்ல. காலடியில் செத்த பவளம் கிடக்கும். நடந்தால் உடைந்த ஓட்டுச் சில்லில் நடப்பதுபோலக் கலகலவென்று சத்தம் வரும். கல்திருப்பி உள்ளான் என்று ஒரு பறவை உண்டு. பெயரே வேலையைச் சொல்லிவிடும். அந்தப் பவளச் சில்லுகளை அலகால் ஒவ்வொன்றாகப் புரட்டி, அடியில் ஒளிந்திருக்கிற நண்டையும் பூச்சியையும் பிடிக்கும். கண்ணை மூடிக்கொண்டு நின்றால் அந்தப் புரட்டுகிற சத்தம் மட்டும் டிக், டிக் என்று கேட்கும்.

எங்கள் பக்கத்து மீனவர்கள் தெற்கே இருக்கிற மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்பார்கள், வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்பார்கள். ஒன்று அலை அடிக்கும், மற்றது அடங்கிக் கிடக்கும். பங்குனி கடைசியில் இரண்டுமே ஏறக்குறைய ஒன்றுபோல அடங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இன்ஜின் சத்தம் குறைந்துபோகும். பறவைகள் கிளம்புகிற நாட்களும் அதே நாட்கள்தான். அதனால் காது கொடுத்துக் கேட்கலாம்.

சரி, பங்குனியில் அப்படி என்னதான் நடக்கிறது? முதலில் நிறம் மாறுகிறது. வளைமூக்கு உள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். தை மாதத்தில் பார்த்தால் சாம்பல் நிறம், வெள்ளை வயிறு, சேற்றில் ஓடுகிற நூறு பறவைகளில் ஒன்று. அதையே சித்திரையில் பார்த்தால் கழுத்திலிருந்து வயிறு வரை செங்கல் நிறம். உப்புக்கொத்திக்கு நெஞ்சில் ஆரஞ்சுப் பட்டை, கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி. கல்திருப்பி கறுப்பும் வெள்ளையும் காவியுமாகக் கோலம் போட்டதுபோல ஆகிவிடும். பறவைப் புத்தகங்களில் இந்த நிறங்களைப் பார்த்துவிட்டு, நம் ஊரில் இதெல்லாம் கிடைக்காது என்று நினைப்பவர்கள் உண்டு. கிடைக்கும். அவர்கள் ஜனவரியில் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான்.

நிறம் வெளியே நடப்பது. உள்ளே இன்னொன்று நடக்கிறது. வளைமூக்கு உள்ளான் சாதாரண நாளில் ஐம்பது கிராம் சொச்சம், ஒரு கோழிமுட்டை கனம்தான். கிளம்புகிற சமயத்தில் எண்பது கிராம் வரைக்கும் ஏறும். ஏறியது முழுக்கவே கொழுப்பும் தசையும். அந்தக் காலத்தில் பயணம் போகிறவர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போவார்கள் இல்லையா, அது மாதிரி. இது தோலுக்கு அடியிலேயே கட்டிக்கொள்கிற கட்டுச்சோறு. வயிறு பக்கவாட்டில் உப்பித் தெரியும். பட்டைவால் மூக்கன் மாதிரியான நெடுந்தூரப் பறவைகள் இன்னும் ஒருபடி மேலே போகின்றன. கிளம்புவதற்கு முன்னால் அவற்றின் இரைப்பையும் குடலும் சுருங்கிவிடுகின்றன. வழியில் சாப்பிடப்போவதில்லை, பிறகு எதற்கு அந்தச் சுமை? 2022 அக்டோபரில் இந்த இனத்துக் குஞ்சு ஒன்று, பிறந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது, அலாஸ்காவில் கிளம்பி 11 நாள் எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் இறங்கியது. முதுகில் செயற்கைக்கோள் கருவி இருந்ததால் நமக்குத் தெரிந்தது.

கிளம்ப வேண்டிய நாள் எப்படித் தெரிகிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். வடக்கு நாடுகளில் பகல் நீளுவதை வைத்துச் சொல்லிவிடலாம். நம் ஊரில் மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். எபர்ஹார்ட் குவின்னர் என்ற ஜெர்மானிய அறிஞர் சின்னப் பறவைகளை வெளிச்சமும் வெப்பமும் மாறாத அறையில் ஆண்டுக்கணக்கில் வளர்த்துப் பார்த்தார். வெளியே என்ன பருவம் என்று தெரியாமலே அவை கிட்டத்தட்ட வருஷத்துக்கு ஒரு முறை இறகு மாற்றின, பயணம் கிளம்பத் துடிப்பதுபோல இரவில் தத்தளித்தன. உள்ளேயே ஒரு காலண்டர் இருக்கிறது. வெயிலும் காற்றும் அதைச் சரிபார்க்கத்தான்.

காற்று என்றதும் எனக்கு ஒரு சாயங்காலம் நினைவுக்கு வருகிறது. அதைச் சொல்லாமல் இந்த உரையை என்னால் முடிக்க முடியாது.

ஏப்ரல் கடைசி வாரம். மனோலித் தீவு. எங்களைக் கூட்டிப்போன படகுக்காரர் வயதானவர். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னை வாத்தியாரே என்பார். காலையிலிருந்து எண்ணி முடித்துவிட்டோம். நாலு மணிக்குக் கிளம்பியிருக்க வேண்டும். அவர் படகில் ஏறாமல் கரையிலேயே குந்தியிருக்கிறார்.

"வாத்தியாரே, இன்னைக்கு இதுக கிளம்பிரும்."

"எப்படி மாமா சொல்றீங்க?"

"மத்தியானத்துல இருந்து வாய் வைக்கல. குளிக்கிறதும் கோதுறதுமாவே நிக்கிதுக. பெட்டியைக் கட்டிட்டுத் திண்ணையில உக்காந்திருக்கிற ஆளு மாதிரி தெரியல?"

அப்போதுதான் கவனித்தேன். அறுபது, எழுபது வளைமூக்கு உள்ளான்கள் நீரோரத்தில் நிற்கின்றன. சேறு பக்கத்திலேயே இருக்கிறது, இறங்கவில்லை. தலையைத் தண்ணீரில் முக்குவதும் இறகை உதறுவதும் அலகால் நீவுவதுமாக இருக்கின்றன. நின்றபடியே இரண்டு இரண்டாக மேலே எம்பி, திரும்ப இறங்குகின்றன. மாமா சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார். "வாடை செத்துருச்சு. சோழகம் முதுகுல படுது பாருங்க." சோழகம் என்றால் தெற்கேயிருந்து வருகிற காற்று. வடக்கே போகிறவர்களுக்குப் பின்னாலிருந்து தள்ளிவிடுகிற காற்று.

ஐந்தரை மணி இருக்கும். ஒரு கீச்சொலி. பிறகு எல்லாம் சேர்ந்து ஒரே சலசலப்பு. அவை இரைதேடும்போது கூப்பிடுகிற சத்தம் அல்ல அது. பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடித்ததும் எழுமே, அப்படி ஒரு சத்தம். மொத்தமாக எழும்பின. வழக்கமாக ஆளைக் கண்டு பறந்தால் தண்ணீரை ஒட்டித் தாழ்வாகப் பறந்து அடுத்த மணல்திட்டில் இறங்கிவிடும். அன்று அப்படி இல்லை. வட்டம் அடித்து மேலே, இன்னும் மேலே. முதலில் கலைந்த கும்பல். கொஞ்ச நேரத்தில் வரிசை பிடித்தது. அரிவாள் முனைபோல வளைந்து ஒரு கோடு, அதிலிருந்து பிரிந்து இன்னொரு கோடு. பாம்பன் பக்கமாகத் தரையைக் கடந்து பெண்கடலுக்கு மேலே போனது. தொலைநோக்கியில் புள்ளியாகி, பிறகு புள்ளியும் இல்லை.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்தது. ஏழு பறவைகள் திரும்பி வந்தன. கூட்டத்தோடு உயரே போய், வட்டமடித்து, மனசு வராமல் விலகி இறங்கின. இறங்கிய இடத்தில் அமைதியாக இருக்கவில்லை. கழுத்தை நீட்டி மேலே பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. மாமா எழுந்து மணலைத் தட்டிவிட்டு, "கட்டுச்சோறு பத்தல போல. நாலு நாள் தின்னுட்டுப் போகும்" என்றார். நான் முன்னே சொன்ன கட்டுச்சோறு என்ற வார்த்தை அவரிடம் வாங்கியதுதான். அறிவியல் கட்டுரைகள் இதையேதான் சொல்கின்றன: கொழுப்பு போதாத பறவை பின்தங்கி, அடுத்த கூட்டத்தோடு போகும்.

ஒரு வாரம் கழித்து மறுபடி போனேன். அந்த ஏழும் போய்விட்டனவா? எப்படித் தெரியும்? ஒன்றைப்போலவே இன்னொன்று. இதற்காகத்தான் காலில் வளையம் மாட்டுகிறார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறது. பறவை அறிஞர் சலீம் அலி முன்நின்று தொடங்கியது. பீகாரிலிருந்து வந்த மீர்ஷிக்கார் என்னும் பாரம்பரியப் பறவை பிடிப்பவர்கள்தான் அதற்குக் கையும் கண்ணுமாக இருந்தார்கள். உண்ணப் பிடித்த கைத்திறன் வளையம் மாட்டி விட்டுவிடுகிற வேலைக்கு வந்தது. மண்டபத்திலும் இந்தச் சங்கம் ஆய்வு நடத்தியிருக்கிறது. எதிர்க்கரையில், இலங்கையின் மன்னார் தீவில், கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடற்காகங்களுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். அவை வடக்கே ரஷ்யாவின் ஆர்க்டிக் கரைவரை போனது தெரிந்தது.

இப்போது நான் நெடுநாளாகச் சொல்லிவருகிற ஒன்று. பத்திரிகைகளில் ஒவ்வொரு ஆண்டும் "விருந்தாளிப் பறவைகள் வந்தன" என்று எழுதுகிறார்கள். இந்தச் சொல் எனக்கு ஒப்பவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். வளைமூக்கு உள்ளான் சைபீரியாவின் வடகோடியில், தைமிர் பக்கம் முட்டையிடுகிறது. இங்கிருந்து நேர்கோட்டிலேயே 7,000 கிலோமீட்டருக்கு மேல். அங்கே பனி உருகுவது ஜூனில். ஆண் பறவை ஜூலை தொடக்கத்திலேயே திரும்பக் கிளம்பிவிடும், பெண் சில வாரம் கழித்து. ஆடி முடிந்து ஆவணி வரும்போது மூத்த பறவைகள் நம் கரைக்கு வந்துவிடுகின்றன, சிவப்பு நிறம் அரைகுறையாக மிச்சம் இருக்கும்போதே. அப்படியானால் வருஷத்தில் எட்டு, ஒன்பது மாதம் இங்கே. அங்கே இரண்டு மாதம்கூட முழுதாக இல்லை. ஒன்பது மாதம் நம் வீட்டில் இருப்பவரை விருந்தாளி என்று யாராவது சொல்வோமா? பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற பெண்ணை எண்ணிக்கொள்ளுங்கள். அவள் பிறந்தது அங்கே, பிள்ளை பெறுவதும் அங்கே, குடித்தனம் இங்கே. உப்புக்கொத்தியும் அப்படித்தான். நம் கடற்கரை மணலில் ஓடுகிற இந்தப் பறவை, திபெத்தியப் பீடபூமியில் 4,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் போய்க் கூடு வைக்கிறது.

இது வெறும் சொல் விவகாரம் இல்லை. விருந்தாளி என்று நினைத்தால், வந்தபோது வரவேற்றால் கடமை முடிந்தது என்று நினைப்போம். வீட்டுக்காரர் என்று நினைத்தால், அவர் புறப்படுவதற்கு முன்னால் நன்றாகச் சாப்பிட்டாரா என்று பார்ப்போம். 2024-இல் வளைமூக்கு உள்ளானை உலக அளவில் அழிவாய்ப்புள்ள இனம் என்ற வரிசைக்கு மாற்றிவிட்டார்கள். அது தின்று கொழுக்க வேண்டிய கடைசி மூன்று வாரம் நம் கரையில்தான் கழிகிறது.

தீவுக்கு வர முடியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கடலோர ஊரில் இருப்பவர்கள் சித்திரையில் புழுக்கம் தாங்காமல் மொட்டை மாடியில் படுப்பீர்கள். மின்விசிறி இல்லாத அந்த அமைதியில், நள்ளிரவுக்கு மேல், வானத்திலிருந்து விசில் அடிப்பதுபோல ஒரு தொடர் கேட்கலாம். ஒரே சுருதியில் ஆறு, ஏழு முறை அடுத்தடுத்து. சிறு கோட்டான் வகைப் பறவை அது, நீண்டு வளைந்த மூக்கு. ஆந்தையைச் சொல்கிற கோட்டான் வேறு. பறவையைப் பார்க்க முடியாது. கேட்கலாம். வானொலிக்கு ஏற்ற பறவை.

நேரம் நெருங்குகிறது என்று எதிரே கை காட்டுகிறார்கள். அதனால் சுருக்கமாக. எல்லாம் வடக்கே போவதில்லை. கறுப்பு வெள்ளையில் இருக்கும் நண்டுதின்னி மேற்கே, அரேபியக் கரைப் பக்கம் போய் மணலில் வளை தோண்டி முட்டையிடும். அதைப் பற்றி நிறையச் சொல்ல எண்ணியிருந்தேன். அப்புறம், எல்லாம் போவதும் இல்லை. சென்ற ஆண்டு பிறந்த இளம் பறவைகளில் பல, நிறமும் மாறாமல் கொழுப்பும் ஏறாமல் கோடை முழுக்க இங்கேயே தங்கிவிடுகின்றன. ஜூன் மாதத்தில் மண்டபம் கரையில் சாம்பல் நிறத்தில், தேய்ந்த இறகோடு நான்கைந்து நின்றால் அடிபட்டவை என்று நினைக்க வேண்டாம்.

நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் அரிச்சல்முனைச் சாலையில் தனுஷ்கோடி பக்கத்துச் சேற்றுப் பரப்புக்கு ஏப்ரல் மூன்றாவது வாரத்துக்கு மேல் மாலை நான்கு மணிக்கு வாருங்கள். தெற்கேயிருந்து காற்று வருகிற நாளாகப் பாருங்கள். குழந்தைகளைக் கூட்டத்துக்குள் ஓட விடாதீர்கள், நாயைக் கூட்டி வராதீர்கள். ஒரு முறை விரட்டிப் பறக்க வைத்தால் கட்டுச்சோற்றில் ஒரு கவளம் போகிறது. காலில் வண்ணக் கொடியோ வளையமோ தெரிந்தால் எழுத்தைக் குறித்துக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு எழுதுங்கள். வளையத்திலேயே அவர்கள் பெயர் பொறித்திருக்கும்.

வணக்கம்.