கொரியருக்கு 'சால்வேஜ்' சொல்லிக்கொடுப்பது

கொரிய மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் நண்பர்களே, வணக்கம்.

இன்று ஒரே ஒரு வினைச்சொல்: 'சால்வேஜ்'. தமிழில் 'மீட்பது' என்று சொல்லிவிடலாம். ஆளையும் மீட்கிறோம், அடகு நகையையும் மீட்கிறோம், கப்பலையும் மீட்கிறோம். கொரிய மொழியிலோ, எதை மீட்கிறோம் என்பதைப் பொறுத்து வினையே மாறும்.

தென் கொரியாவின் செவொல் என்ற பயணிகள் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 ஏப்ரல் 16 அன்று மூழ்கி, 304 உயிர்களைக் கொண்டுபோன கப்பல். அன்று ஆட்களைக் காப்பாற்றியது 'குஜோ'. 2017 மார்ச்சில் கடலடியிலிருந்து கப்பலைத் தூக்கியது 'இன்யாங்'. முன்னது ஆங்கிலத்தில் 'ரெஸ்க்யூ', பின்னதுதான் 'சால்வேஜ்'. ஆபத்தில் சிக்கிய மனிதருக்கு இந்தச் சொல் ஆகாது. அந்தக் கப்பலின் பெயரைச் சொன்னதும் வகுப்பு அமைதியாகும். அதற்கு இடம் கொடுங்கள்.

அடுத்தது 'கொன்ஜிதா'. தண்ணீரிலிருந்து அள்ளி எடுப்பது. கொதிக்கும் பானையிலிருந்து நூடுல்ஸை எடுப்பதும் அதுதான், எரிந்த வீட்டிலிருந்து ஓர் அலமாரியைக் காப்பாற்றுவதும் அதுதான். அலமாரிக்கு 'சால்வேஜ்' பொருந்தும். கெட்டுப்போகாத நூடுல்ஸுக்குப் பொருந்தாது. பெரிய சறுக்கல் இன்னொன்று. உயிர் தப்பினான் என்பதற்குக் கொரியர்கள் 'மோக்சுமுல் கொன்ஜிதா' என்பார்கள். உயிரை அள்ளி எடுத்தான் என்று. மாணவர் அதை அப்படியே 'சால்வேஜ்டு ஹிஸ் லைஃப்' என்று எழுதினால், சீரழிந்த வாழ்க்கையைத் தூக்கி நிறுத்தினான் என்றுதான் ஆங்கிலக்காரர் புரிந்துகொள்வார்.

எனக்குப் பிடித்த உதாரணம் அடுப்பில் இருக்கிறது. கிம்ச்சி ஜிகே என்ற கொரியக் குழம்பில் உப்பு கூடிவிட்டது. கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, டோஃபு போட்டு, மறுபடி கொதிக்கவிடுகிறோம். நினைத்த ருசி வராது, ஆனால் சாப்பிடலாம். கொரியர் இதை 'சல்லிதா' என்பார், உயிர் கொடுப்பது. அந்த 'ஆனால் சாப்பிடலாம்' என்பதில்தான் இந்த வினையின் பொருளே இருக்கிறது. பெரும்பகுதி போய்விட்டது, மிஞ்சியது கைக்கு வந்தது. கெட்ட பெயரைச் சரிக்கட்டும் 'மன்ஹ்வே'யும் இதற்குப் பக்கத்தில்தான் வரும்.

வாக்கியத்தில் 'ஃப்ரம்' எங்கே வருகிறது என்று பாருங்கள். கொரியத்தில், தமிழைப் போலவே, 'எரிந்த வீட்டிலிருந்து' முதலில், 'அலமாரியை' பிறகு. ஆங்கிலத்தில் அலமாரி முந்தும்.

உச்சரிப்பில் இரண்டு இடம். கொரிய எழுத்தில் இது 'செல்பிஜி', மூன்று அசை, ஆங்கிலத்தில் இரண்டே. கடைசி 'ஜ்' மீது 'இ' ஏறவிடாதீர்கள். நடுவில் 'வி' வரவேண்டிய இடத்தில் உதடு இரண்டும் மூடி 'பி' ஆகிவிடும். கையில் கண்ணாடி கொடுங்கள்: மேல் பல் கீழுதட்டைத் தொடுவது தெரியும்வரை சொல்லட்டும்.