மாடு போனது, தண்டவாளம் இருக்கிறது

(கன்சாஸ் சிட்டியில் நடந்த தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, விடாமல் தொலைபேசியில் அழைத்து என்னை இங்கே நிற்கவைத்த செயலாளர் அவர்களே, இந்தக் குளிரில் டோபீகாவிலிருந்து வந்திருக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, தமிழ்ப் பள்ளி ஆசிரியைகளே, சமையலறையில் வடை சுட்டுக்கொண்டே பேச்சைக் கேட்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். ஆபிலீன் ஊரிலிருந்தே ஓர் அம்மையார் நம் அழைப்பை ஏற்று வந்திருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவி மொழிபெயர்த்துச் சொல்கிறார். ஆகவே நீங்கள் சிரித்து முடித்த பிறகு அவர் மட்டும் தனியாகச் சிரிப்பார். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். பொன்னாடைக்கும் நன்றி. குளிருக்கு உதவியாக இருக்கிறது.

ஆபிலீன் வரலாற்றை மூன்று தலைப்புகளில் சொல்வதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள்: மாடு, ரயில், சட்டம் ஒழுங்கு. நம்மில் பாதிப் பேர் ஐ-70 சாலையில் டென்வர் போகும்போது அந்த ஊரைத் தாண்டியிருப்போம். இங்கிருந்து மேற்கே, கன்சாஸ் மாநிலத்தில், சுமார் 150 மைல். டெக்சாசில் இருக்கும் பெரிய ஆபிலீன் வேறு. அது 1881-ல் இந்த ஊரின் பெயரைக் கடன் வாங்கியது.

1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது டெக்சாசில் நீளக் கொம்பு மாடுகள் காடு மேடெல்லாம் பெருகிக் கிடந்தன. அங்கே ஒரு மாடு 4 டாலர். வடக்கே நகரங்களில் அதே மாடு 40 டாலர். நடுவில் ரயில் இல்லை. இதைக் கவனித்தவர் இல்லினாய் மாநிலத்து மாட்டு வியாபாரி ஜோசப் மெக்காய், வயது 29. கன்சாஸ் பசிபிக் தண்டவாளம் அப்போதுதான் ஆபிலீனைத் தொட்டிருந்தது. ஊர் என்றால் ஒரு டஜன் மரக் குடிசைகள், பெரும்பாலும் மண் கூரை. அங்கே மதுக்கடை வைத்திருந்தவர் புல்வெளி அணில்களைப் பிடித்து, வருகிறவர்களுக்கு விற்றுப் பிழைத்தார். அவ்வளவுதான் வியாபாரம்.

மெக்காய் டெக்சாஸ் மாடுகளை ஆபிலீனுக்கு ஓட்டிவரச் செய்து, அங்கிருந்து ரயிலேற்றி அனுப்பத் திட்டம் போட்டார். கன்சாஸ் பசிபிக்காரர்கள் நம்பிக்கையில்லாமலேயே சரி என்று தலையாட்டினார்கள். அப்புறம் செயின்ட் லூயிஸ் போய் மிசூரி பசிபிக் கம்பெனியின் தலைவரைப் பார்த்தார். இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வடை இன்னும் ஆகவில்லை என்று செயலாளர் சைகை காட்டுகிறார், நல்லது.

மெக்காய் போன கோலத்தை அவரே பின்னால் எழுதியிருக்கிறார். பாலிஷ் காணாத முரட்டு பூட்ஸ், தொங்கிப்போன தொப்பி, நைந்த கோட்டு, அழுக்குச் சட்டை. கால்சட்டையும் நல்ல நாள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. எதிரே மிடுக்காக உடுத்திய பெரிய மனிதர். மெக்காய் தயங்கித் தயங்கி, மாடு ஏற்ற என்ன கட்டணம் ஐயா என்று கேட்டார். தலைவர் ஏற இறங்கப் பார்த்தார். உன்னிடம் ஏற்ற மாடே கிடையாது, என்றைக்கும் இருந்ததில்லை, இனி இருக்கும் என்பதற்கும் அத்தாட்சி இல்லை, வெளியே போ என்றார். கெஞ்ச இடமில்லை, விளக்க இடமில்லை. வெளியே வந்த மெக்காய் நினைத்தாராம்: இவ்வளவு பெரிய மனிதரைப் பிரபஞ்சத்தையே நிர்வகிக்க வைக்காமல் இந்தப் பூமியில் விட்டுவைத்திருக்கிறாரே கடவுள், அவர் நோக்கம்தான் என்ன? (அம்மையாரும் சிரித்துவிட்டார். மொழிபெயர்ப்பு வேகமாகிவிட்டது!) மெக்காய் சோர்ந்துவிடாமல் ஹானிபல்–செயின்ட் ஜோசப் கம்பெனிக்குப் போனார். அவர்கள் உடனே ஒப்பந்தம் போட்டார்கள். அந்த வழியில் மாடுகள் சிகாகோவுக்குப் போயின. செயின்ட் லூயிசுக்கு வந்திருக்க வேண்டிய வியாபாரத்தை ஒரே ஒரு தலைவர் ஒரு நிமிடத்தில் துரத்திவிட்டார். “மாடு எங்கே?” என்று அவர் கேட்காமல் கேட்ட கேள்வியை நினைவில் வையுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

1867 செப்டம்பர் 5-ஆம் தேதி 20 பெட்டிகளில் மாடு ஏற்றிய முதல் ரயில் புறப்பட்டது. அதற்குக் கூடாரம் போட்டு விருந்து வைத்து மேடைப் பேச்சும் நடந்தது. பார்த்தீர்களா, நாம் மட்டும் இல்லை. அந்த வருடம் ஆபிலீனுக்கு வந்தவை சுமார் 35,000 மாடுகள். 1871-ல் கன்சாசுக்கு ஓட்டிவரப்பட்டவை சுமார் 6 லட்சம் என்பார்கள். ஒரு நாளைக்கு 10 முதல் 15 மைல் நடை. மந்தைக்குப் பத்துப் பன்னிரண்டு கௌபாய்கள். அவர்களில் கறுப்பினத்தவரும் மெக்சிகர்களும் கணிசமாக இருந்தார்கள். சினிமாவில் அவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அது தனிப் பேச்சுக்கான விஷயம்.

சரி, மாடு வந்தால் ஊருக்குச் சந்தோஷம்தானே? இங்கேதான் என் பழமொழி வருகிறது. என் பேச்சை முன்பு கேட்டவர்கள் இப்போதே முணுமுணுக்கிறீர்கள். ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம். டெக்சாஸ் மாடு நன்றாகவே இருக்கும். அது நடந்த வழியில் மேய்ந்த உள்ளூர் மாடு காய்ச்சலில் சாகும். உண்ணிதான் காரணம் என்று தியோபால்ட் ஸ்மித் குழுவினர் 1893-ல்தான் நிறுவினார்கள். அதுவரை வந்தவன் மேல் இருந்தவனுக்கு ஆத்திரம். அந்த மாடுகள் வரக் கூடாது என்று சட்டம் தடுத்த பகுதியில்தான் ஆபிலீன் இருந்தது. ஆனாலும் ஆளுநர் கிராஃபோர்டு மெக்காயை ஆதரித்தார். விவசாயிகளுக்கு நஷ்டஈடு கொடுத்துச் சமாளித்தார் மெக்காய். அவருக்குக் கன்சாஸ் பசிபிக் கம்பெனி பேசிய கமிஷனோ வழக்கு வரை போய்த்தான் வந்தது.

சட்டம் ஒழுங்குக்கு நேரமில்லை. 1870-ல் ஊர்க் காவல் அதிகாரி டாம் ஸ்மித் துப்பாக்கி எடுக்காமல் முஷ்டியாலேயே ஊரை அடக்கினார். அடுத்த வருடம் அதே வேலைக்கு வந்த வைல்ட் பில் ஹிக்காக் கலவரத்தில் சொந்த ஆளையே தவறிச் சுட்டுவிட்டார். மீதியைச் சினிமா சொல்லிவிட்டது.

1872 பிப்ரவரியில் ஊர்க்காரர்களே கையெழுத்துப் போட்டு, இனி இங்கே மாடு ஓட்டி வராதீர்கள் என்று டெக்சாஸ்காரர்களுக்கு அறிக்கை விட்டார்கள். முன்னின்றவர் டி.சி. ஹென்றி, கோதுமைக்காரர். மாடும் சொன்னபடி வரவில்லை. வந்ததென்ன? கடைகளில் பெரும்பாலானவை காலி, வாடகை அடிமட்டம். மறுபடியும் எருது, மறுபடியும் நொண்டி. ஊரைத் தூக்கி நிறுத்தியது கோதுமை. கோதுமையைச் சந்தைக்குக் கொண்டுபோனது எது? அதே தண்டவாளம்! மாட்டுக்காகப் போட்ட கிளைத்தடத்தைத் தவிர வேறு எதையும் மெக்காய் காலம் விட்டுவைக்கவில்லை என்பது என் கட்சி. பேராசிரியர் ஐயா மறுத்துத் தலையாட்டுகிறார், வடையின்போது சண்டை போடுவோம்.

அந்த ஊரில் வளர்ந்தவர்தான் ஐசனோவர். அப்பா பால்பண்ணைத் தொழிற்சாலை ஊழியர். பையன் ராணுவ அகாடமிக்கு ரயிலேறிப் போனார். ஜனாதிபதியாகி 1956-ல் நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதில் வந்ததுதான் ஐ-70. 1969-ல் அவர் உடல் வாஷிங்டனிலிருந்து ஆபிலீனுக்கு ரயிலில்தான் திரும்பி வந்தது. இரண்டு வருடம் கழித்து 1971-ல் நாடு முழுதும் பயணிகள் ரயில் ஓட்டும் ஆம்ட்ராக் கம்பெனி தொடங்கியபோது இந்தத் தடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. இன்று சரக்கு ரயில் ஓடுகிறது. ஆபிலீனில் சுற்றுலாப் பயணிகளுக்குப் பழைய பெட்டிகளில் ஒரு சிறு ரயில் உண்டு. கன்சாஸ் சிட்டியிலிருந்து ஏறி ஆபிலீனில் இறங்க ரயில் இல்லை. டோபீகாவுக்கு வரும் ஒரே பயணிகள் ரயிலும் மேற்கே போகும்போது நள்ளிரவு தாண்டி வருகிறது.

பகலில் ஓடும் ரயில் ஒன்று வேண்டும், கன்சாஸ் சிட்டி, டோபீகா, ஜங்ஷன் சிட்டி, ஆபிலீன், சலைனா வழியாக. இதைக் கேட்டால் அதிகாரிகள் என்ன சொல்கிறார்கள்? “பயணிகள் எங்கே?” மாடு எங்கே என்ற அதே செயின்ட் லூயிஸ் கேள்வி! மெக்காய் வந்தபோது ஆபிலீனில் மாடு இருந்ததா? பட்டி கட்டிய பிறகுதானே வந்தது? காரை நம்பினால் கார் ஓட்ட முடியாத நம் பெற்றோர்களுக்குக் கோபம், ரயிலைக் கேட்டால் வரி கட்டுகிறவர்களுக்குக் கோபம். பழமொழி முழுதாக வேண்டாம், போதும் என்கிறார் தலைவர்.

காபி மேசையில் மாநிலப் போக்குவரத்துத் துறைக்கான மனு இருக்கிறது. முகவரியை ஆங்கிலத்தில் தெளிவாக எழுதுங்கள், தொகுதி உறுப்பினர் பெயரையும் சேருங்கள். பேனா இல்லாதவர்கள் என்னிடம் கேளுங்கள். கையெழுத்துப் போட்டதும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.