பழைய கம்ப்யூட்டருக்கு எந்த லினக்ஸ்?

நேயர்களுக்கு வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன் நான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதற்கப்புறம் என் மேசைக்கு வருகிற பெட்டிகளில் பல, பழுதே இல்லாதவை. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். அது இல்லையென்று தெரிந்ததும், "தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடலாங்களா?" என்று கேட்கிறார்கள். வேண்டாங்க. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் இன்னும் சில வருடம் ஓடும்.

லினக்ஸில் பல வகை உண்டு. சரி, எந்த லினக்ஸ்? அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். எத்தனை வருடம் அப்டேட் தருகிறார்கள், உங்கள் பெட்டியில் ரேம் எவ்வளவு, இந்த இரண்டையும் பாருங்கள்.

4 ஜிபி ரேம் இருந்தால், வீட்டுக்கு நான் போடுவது லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரை அமைப்பு உள்ள பதிப்பு. விண்டோஸில் பழகிய கை தடுமாறாது. மெனு அதே இடது மூலையில் இருக்கும். 5 வருடம் அப்டேட் உண்டு. மின்ட்டுக்கு அடித்தளமே உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ்தான். ஆனால் உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் ஸ்னாப் என்ற தனிப் பொதியாக வருகிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் முதல்முறை திறக்க நேரம் பிடிக்கும். எஸ்எஸ்டி இருந்தால் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது. ஃபெடோரா என்ற லினக்ஸும் நல்ல சரக்கு. ஆனால் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் சுமார் 13 மாதம். இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைக்குச் சரி, மளிகைக் கடை பில் மேசைக்கு வேண்டாம்.

கடைக்கு டெபியன் என்ற லினக்ஸ். 1993-இல் தொடங்கியது, அவசரப்பட்டு எதையும் மாற்றாது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அரசு தந்த விலையில்லா மடிக்கணினியில் பாஸ் லினக்ஸ் என்று ஒன்று இருந்ததே, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கியது, அதுவும் டெபியன் மேல் கட்டியதுதான். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து ஆபீசுக்கு, 2 ஜிபி ரேம் உள்ள பெட்டியில் டெபியனும், எல்எக்ஸ்கியூடி என்ற இலகுவான திரை அமைப்பும் போட்டுக் கொடுத்தேன். கூலிக் கணக்கு லிப்ரே ஆபீசில் ஓடுகிறது. ஐபஸ், எம்17என் என்ற மொழித் தட்டச்சு மென்பொருள்களைச் சேர்த்ததும் தமிழ்99 விசைப்பலகை வந்துவிட்டது. கணக்கெழுதும் அம்மா ஆட்களின் பெயரைத் தமிழிலேயே அடிக்கிறார். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

எல்லோரையும் மாறச் சொல்லவில்லை. டேலி ஓட்டுகிறவர்கள், பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற டிடிபி கடைக்காரர்கள் விண்டோஸிலேயே இருங்கள். உங்கள் பிழைப்பு அந்த மென்பொருளில் இருக்கிறது.

மற்றவர்கள் ஒரு பென் டிரைவில் மின்ட்டை ஏற்றி, அதிலிருந்தே பெட்டியை ஓட்டிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிற எதையும் அது தொடாது. வை-ஃபை கிடைக்கிறதா, சத்தம் வருகிறதா என்று பாருங்கள். முக்கியமாக பிரிண்டரில் ஒரு பக்கமாவது எடுத்துப் பாருங்கள். சில லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் ரொம்பப் படுத்தும். பிள்ளைகளின் போட்டோக்களை வேறு டிஸ்க்கில் நகலெடுத்து, அது திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இன்ஸ்டால் பொத்தானை அப்புறம் அழுத்தலாம்.